சோலார் பேட்டரியில் கை வைக்கும் முன்: புதியவர்களுக்கான படிப்படியான பாதுகாப்பு வழிகாட்டி

வீட்டு ஒயரிங்கில் வேலை என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். சோலார் அமைப்பில் அப்படி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் அணைக்க வழியில்லை. ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும் பேனல். இன்னொரு பக்கம் எந்தச் சுவிட்சுக்கும் கட்டுப்படாத பேட்டரி. நடுவில் நிற்பது நீங்கள். அதனால் எதை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் மாட்டுவது என்ற வரிசையைத் தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த வேலையில் முக்கியமான பாதுகாப்பு.

அந்த வரிசை எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. பேனலுக்கு ஒரு கையேடு, பேட்டரிக்குள் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலருக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, பேட்டரிக்கு மடித்த ஒற்றைத் தாள். ஒவ்வொன்றும் தன் கருவியைப் பற்றி மட்டும் பேசியது. எல்லாவற்றையும் சேர்த்து எப்படிக் கையாள்வது என்று எதிலும் இல்லை. தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். 12, 24 அல்லது 48 வோல்ட் ஈய அமில பேட்டரியோடு இயங்கும் சிறிய அமைப்புகளை மனதில் வைத்து எழுதியது இது. பல பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து 300, 400 வோல்ட்டில் ஓடும் அமைப்பு என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும்: பேட்டரியின் விவரத் தாள், அதன் பாதுகாப்புத் தரவுத் தாள், கன்ட்ரோலர் கையேடு, இன்வெர்ட்டர் கையேடு. பேட்டரியோடு வரவில்லை என்றால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அவற்றில் தேட வேண்டியவை இவை. பேட்டரி தண்ணீர் ஊற்றும் வகையா, மூடிய வகையா? சார்ஜ் செய்ய எத்தனை வோல்ட், அதிகபட்சம் எத்தனை ஆம்பியர்? கன்ட்ரோலர் பேனல் பக்கத்திலிருந்து தாங்கும் உச்ச மின்னழுத்தம் என்ன? இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எத்தனை சதுர மில்லிமீட்டர் கேபிள் என்று தயாரிப்பாளர் சொல்கிறார்?

இவற்றோடு நீங்களே ஒரு தாள் தயாரியுங்கள். பேனலிலிருந்து கடைசி பல்பு வரை உள்ள இணைப்பை ஒற்றைக் கோட்டில் வரைந்து, ஒவ்வொரு சுவிட்சும் ஃபியூஸும் எங்கே இருக்கிறது என்று குறித்து, பேட்டரிக்கு அருகில் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் புகை வந்தால் மற்றவர்களுக்கு உதவப்போவது அந்தத் தாள்தான்.

2. பேட்டரிக்கு முன்பே வாங்க வேண்டியவை

கீழே உள்ள அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு நல்ல பேட்டரியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பட்ஜெட் போடும்போது இதைத் தனி வரியாகவே எழுதுங்கள். கடைசியில் மிஞ்சும் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் மிஞ்சாது.

பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அமிலம் தாங்கும் ரப்பர் அல்லது நைட்ரில் கையுறை, ரப்பர் ஏப்ரன், காப்பிட்ட கைப்பிடி கொண்ட ஸ்பானர்கள், ஒரு மல்டிமீட்டர், டிசி (பேட்டரியும் பேனலும் தரும் நேர்திசை மின்சாரம்) அளக்கும், கேபிளைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர், அரை கிலோ சமையல் சோடா, கைக்கெட்டும் தூரத்தில் சுத்தமான தண்ணீர். குழாய் தொலைவில் இருந்தால் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பேட்டரி அறை வாசலில் இருக்கட்டும்.

கிளாம்ப் மீட்டரில் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டுக்கு வரும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். அதை பேட்டரி கேபிளில் மாட்டினால் 50 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம் என்று காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி கேபிளைக் கழற்றினால் கையருகே தீப்பொறி வெடிக்கும். டிசி ஆம்பியர் அளக்கும் என்று கருவியிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மல்டிமீட்டரிலும் ஓர் ஆபத்து உண்டு. சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில் செருகியபடி இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், மீட்டர் வழியாகக் குறுக்குச்சுற்று ஏற்படும். அளக்கும் ஒவ்வொரு முறையும் சிவப்பு முனை எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். பெரிய ஈய அமில பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம் மட்டுமே; குறுக்குச்சுற்று ஏற்பட்டால் 2000 ஆம்பியருக்கு மேல் பாயும். முனைக்கும் ஸ்பானருக்கும் நடுவே சிக்கிய மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். அதை விரலிலிருந்து உருவவும் முடியாது.

3. பேட்டரிக்கு இடம் பார்த்தல்

சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில், ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட்டை நெருங்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 14.4 வோல்ட். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

4 சதவீதம் என்பது எட்ட முடியாத அளவு என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். முழுக்க ஏறிய பேட்டரிக்குள் தொடர்ந்து செல்லும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளியிடும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள், ஆக 2.5 லிட்டர். 5 ஆம்பியர் ஓடினால் மணிக்கு 12.5 லிட்டர். ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய அலமாரியில் 40 லிட்டர் சேர்ந்தாலே 4 சதவீதம். அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதே அலமாரியில் நான்கு பேட்டரிகளைத் தொடராக வைத்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது, மேலே எழும். எனவே கீழே ஒரு திறப்பு, எதிர்ப்புறம் கூரையை ஒட்டி ஒரு திறப்பு, இரண்டும் வெளிக்காற்றுக்கு. கீழே மட்டும் ஜன்னல் வைத்தால் கூரைக்கடியில் வாயு தேங்கும். படுக்கையறை, சமையல் அடுப்பு இருக்கும் இடம், மாடிப்படிக்குக் கீழே கதவு போட்ட அறை இவை மூன்றும் கூடவே கூடாது.

இடத்தை மிச்சப்படுத்த பேட்டரிக்கு நேர் மேலே இன்வெர்ட்டரை மாட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அமிலத் துளி கலந்த வாயு நேராக அதன் விசிறிக்குள் போய் உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். போதாததற்கு, உள்ளே தானாக இயங்கும் சுவிட்சான ரிலே ஒவ்வொரு முறை இயங்கும்போதும் சிறு பொறி எழும். இன்வெர்ட்டரையும் கன்ட்ரோலரையும் பக்கவாட்டில், தள்ளி மாட்டுங்கள்.

150 ஆம்பியர்-மணி டியூபுலர் (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட) பேட்டரி அமிலத்தோடு 50 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்குங்கள். சாய்க்காதீர்கள். முனைகளைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

4. ஃபியூஸ், பிரேக்கர், கேபிள்

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு (+) எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள கேபிளுக்குக் காவல் இல்லை. அந்தத் துண்டு உரசிக் குறுக்குச்சுற்று ஆனால் பேட்டரி காலியாகும்வரை எரியும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, டிசி மின்னழுத்த மதிப்பு. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பிரேக்கரில் எழும் பொறி தானாக அணையும். டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. பொறி ஒருமுறை எழுந்தால் வில்லாக நின்று எரியும். வீட்டுப் பலகையில் மாட்டும் சாதாரண ஏசி பிரேக்கரை இங்கே மாட்டினால், ட்ரிப் ஆன பிறகும் அதனுள்ளே தீ நிற்கலாம். இரண்டாவது, துண்டிப்புத் திறன். சேர்த்து இணைத்த பேட்டரிகளின் குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் என்பதால், அதை அறுக்கும் திறன் ஃபியூஸில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேபிள் தடிமன் மின்னோட்டத்தைப் பொறுத்தது. 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 185 ஆம்பியர் இழுக்கும். 48 வோல்ட் என்றால் 46 ஆம்பியர். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: 1000 வாட்டுக்கு மேல் தேவை என்றால் 12 வோல்ட்டில் பிடிவாதமாக நிற்க வேண்டாம். மின்னழுத்தத்தை உயர்த்தினால் கேபிள் செலவும் குறையும், இணைப்பில் சூடும் குறையும்.

முனையில் லக் (கேபிள் நுனியில் அழுத்திய துளையுள்ள செம்புத் தட்டு) பொருத்தும்போது அருகில் குனிந்து பாருங்கள். லக்கின் தட்டையான செம்புப் பரப்பு நேராக பேட்டரி முனையின் ஈயப் பரப்பில் உட்கார வேண்டும். அதன் மேல் வாஷர், பிறகு நட்டு. இரண்டுக்கும் நடுவே எஃகு வாஷரை நுழைத்துவிட்டால் பார்ப்பதற்கு இறுக்கமாகவே இருக்கும், ஆனால் மொத்த மின்னோட்டமும் அந்த எஃகு வழியாகப் போய் முனை சூடாகும். சில மாதங்களில் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகியிருப்பதைக் காண்பீர்கள். இறுக்கத்துக்கும் அளவு உண்டு. ஈயம் மென்மையானது, வெறிகொண்டு முறுக்கினால் முனை உள்ளேயே விரிசல் விடும். விவரத் தாளில் உள்ள இறுக்க அளவையே பின்பற்றுங்கள்.

5. இணைக்கும் வரிசை, கழற்றும் வரிசை

இந்தப் பகுதியை மட்டும் எழுதி பேட்டரி அருகில் ஒட்டிவைத்தாலும் போதும்.

இணைக்கும்போது: பிரேக்கர்கள் எல்லாம் அணைந்த நிலையில், முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணையுங்கள். பேட்டரி பிரேக்கரைப் போட்டதும் கன்ட்ரோலர் விழித்து, 12 வோல்ட் அமைப்பா 24 வோல்ட் அமைப்பா என்று சரியாகக் காட்டுகிறதா எனப் பாருங்கள். அதன் பிறகு பேனல். கடைசியில் இன்வெர்ட்டரும் சுமைகளும். பேனலை முதலில் இணைத்தால் பல கன்ட்ரோலர்கள் அமைப்பின் மின்னழுத்தத்தைத் தவறாகக் கணிக்கும். சில அங்கேயே எரிந்துபோகும். உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடே இறுதி.

கழற்றும்போது இதற்குத் தலைகீழ். சுமைகளை அணையுங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். பேனல் பக்கத்து டிசி சுவிட்சை அணையுங்கள். கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள். பிறகு பேட்டரி பிரேக்கர். அதன் பின்னும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மேலட்டையில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். 5 நிமிடம் என்றால் 5 நிமிடம் காத்திருந்து, வோல்ட் அளந்து பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும்.

பேட்டரி முனைகளில் எதிர்முனையை (−) முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எதிர்முனை எர்த்தோடு இணைந்த அமைப்பில், நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர் தற்செயலாக இரும்பு ஸ்டாண்டில் பட்டால் குறுக்குச்சுற்று ஆகும். எதிர்முனை ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு முனையில் வேலை செய்யும்போது மறுமுனையை ரப்பர் துண்டால் மூடி வையுங்கள். ஸ்பானர் தாடை தவிர மற்ற பகுதி முழுவதும் காப்பு நாடா சுற்றியிருக்கட்டும். பேட்டரியின் மேல் எந்தக் கருவியையும் வைக்காதீர்கள், ஒரு கணம்கூட.

நேரம் பற்றி ஒன்று: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதோ, ஏறி முடித்த உடனேயோ முனைகளைத் தொடாதீர்கள். சார்ஜை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு மணி நேரமாவது காற்றோட விட்டுவிட்டு வாருங்கள்.

6. பேனல் பக்கம்

பேனலை அணைக்க முடியாது, இருட்டாக்கலாம், அவ்வளவுதான். வேலைக்குச் சூரியன் ஏறுவதற்கு முந்தைய நேரத்தையோ மாலையையோ தேர்ந்தெடுங்கள். ஒளி புகாத தடித்த துணியால் பேனலை முழுதாக மூடுங்கள். மெல்லிய துணி போதாது. மேகமூட்டமான நாளிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதாக இருக்கும். குறைவது மின்னோட்டம் மட்டும்தான்.

பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை மின்சாரம் ஓடும்போது பிரிக்காதீர்கள். மாட்டும்போது "க்ளிக்" என்ற ஒலி கேட்க வேண்டும். பிறகு இலேசாக இழுத்துப் பாருங்கள். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கனெக்டர்கள் ஒன்றோடொன்று பொருந்துவது போலத் தோன்றும். பொருத்தாதீர்கள். உள்ளே உலோகம் சரியாக உட்காராமல் மெல்லச் சூடாகி, கூரையில் தீப்பிடிக்கக் காரணமாகிறது.

பேனல்களைத் தொடராக இணைக்கும் முன் குளிர்காலக் கணக்கைப் போடுங்கள். பேனல் பின்புறத்தில் எழுதியுள்ள திறந்த சுற்று மின்னழுத்தம் (எதோடும் இணைக்காதபோது இருப்பது) 25 டிகிரி செல்சியஸுக்கானது. வெப்பம் குறையக் குறைய அது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம் கூடும். 49 வோல்ட் பேனல் மூன்றைச் சேர்த்தால் 147. கன்ட்ரோலர் 150 வரை தாங்கும், பரவாயில்லை என்று நினைப்பீர்கள். 5 டிகிரி அதிகாலையில் அது 155 வோல்ட்டைத் தாண்டும். கன்ட்ரோலர் போய்விடும். மின்னழுத்தம் மீறியதால் வரும் பழுதுக்கு உத்தரவாதமும் பொதுவாகச் செல்லாது.

மூன்று பேனல் தொடரின் 150 வோல்ட் டிசி உயிரைப் பறிக்கக்கூடியது. கூரையில் தனியாக ஏறாதீர்கள். 2 மீட்டர் உயரப் பேனல் காற்றில் பாய்மரம்போல ஆளையே இழுத்துச் செல்லும். காற்று வீசும் நாளிலும் இடி கேட்கும்போதும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

7. தண்ணீரும் அடர்த்தியும்

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பாருங்கள். கண்ணாடி அணியாமல் ஒரு மூடியைக்கூடத் திறக்காதீர்கள். உள்ளே பார்க்கத் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கூடாது. டார்ச்சை வெளியிலேயே எரியவிட்டு, பிறகு அருகில் கொண்டுவாருங்கள்.

ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. அமிலத்தை ஊற்றாதீர்கள், ஆவியாவதும் பிரிவதும் தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். ஊற்றும் நேரம் முழுச் சார்ஜுக்குப் பிறகு. சார்ஜ் ஏறும்போது திரவம் உப்பி மேலெழும் என்பதால், முன்பே நிரப்பினால் அமிலம் வழியும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவு முதலில் ஊற்றி, சார்ஜ் செய்து, பிறகு மீதியை நிரப்புங்கள்.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சும்போது மிதவை குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தனியே மிதக்க வேண்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். முழுச் சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை காட்டும். சரியான அளவு விவரத் தாளில் இருக்கும். தண்ணீர் ஊற்றிய கையோடு அளந்தால் மேலே நிற்கும் வெறும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். சார்ஜும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளங்கள். ஐந்து செல் 1.270, ஒன்று மட்டும் 1.200 என்றால் அந்தச் செல்தான் நோயாளி. எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். உத்தரவாதத்துக்காக விற்றவரிடம் பேசும்போது இந்த நோட்டு உங்கள் சாட்சி.

மூடிய வகை பேட்டரியைத் திறக்கவும் கூடாது, செல்களைச் சமன்படுத்தக் கொடுக்கும் உயர் மின்னழுத்தச் சார்ஜும் கூடாது. கன்ட்ரோலரில் பேட்டரி வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது தானாகவே அந்தச் சார்ஜைக் கொடுக்கும்; அந்தத் தேர்வை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகி ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறது என்று பொருள். அது நச்சு. உள்ளே நின்று ஆராயாமல் வெளியேறி, அறைக்கு வெளியே உள்ள சுவிட்ச் மூலம் சார்ஜை நிறுத்துங்கள்.

8. அமிலம் பட்டால்

கண்ணில் பட்டால்: அந்த நொடியே தண்ணீர். இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவமனை. சோடாக் கரைசல் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, தரைக்கு மட்டும்.

தோலில் பட்டால் ஆடையைக் கழற்றி, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கையுறையோடு துடையுங்கள். சோடா கலந்த எதுவும் செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. உள்ளிருக்கும் அமிலத்தைக் கெடுத்துவிடும்.

முனைகளில் பூக்கும் வெண்பொடியில் ஈயச் சேர்மங்கள் இருக்கலாம். ஊதாதீர்கள், உலர்வாகச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியால் எடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவிய பிறகே சாப்பாடு. அந்த ஆடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

9. ஏசி பக்கம்

தெரு மின்சாரம் போய்விட்டது, எனவே ஒயரில் மின்சாரம் இல்லை என்ற எண்ணம் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பொய். அதன் வெளியீடு 230 வோல்ட்; தெரு மின்சாரம் போன கணமே அது உயிர்பெறும். பலகையில் "இரண்டு மின் மூலங்கள் உள்ளன" என்று எழுதி ஒட்டுங்கள். இன்வெர்ட்டர் வெளியீட்டை வீட்டுச் சுற்றோடு இணைக்க மாற்றுச் சுவிட்ச் (ஒரு நேரத்தில் ஒரு மூலத்தை மட்டும் இணைப்பது) கட்டாயம். அது இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பத் தெருவுக்குப் பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் கொல்லும். இந்த இணைப்பை மட்டும் நீங்களே செய்யாதீர்கள்.

10. பிறகு செய்ய வேண்டியவையும் பழைய பேட்டரியும்

பொருத்திய சில வாரங்களில் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு இருமுறை. முழுச் சுமை ஓடும்போது ஒரு கேபிளின் காப்பு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

ஆயுள் முடிந்த பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்க முயலாதீர்கள், அமிலத்தை மண்ணில் கொட்டாதீர்கள். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு என்பதால் புதியது வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருவார்கள். எவ்வளவு கழிப்பார்கள் என்பதைப் புதியதற்குப் பணம் கொடுக்கும் முன்பே பேசி, ரசீதில் எழுதி வாங்குங்கள். எடுத்துச் செல்லும் நாள்வரை நிமிர்த்தி, மூடிகள் இறுக்கி, முனைகளில் நாடா ஒட்டி, குழந்தைகள் போகாத இடத்தில் வையுங்கள்.